டிசம்பரில் மட்டும் வரும் மாணவர்கள்

தில்லியில் குளிர் தொடங்கியதும் பள்ளிகளிலிருந்து பெற்றோருக்கு ஒரு சுற்றறிக்கை வரும். எட்டாம் வகுப்பு மாணவர்களை முதியோர் இல்லத்துக்கோ மாற்றுத்திறனாளிகளுக்கான அமைப்புக்கோ அழைத்துச் செல்கிறோம், ஆளுக்கொரு பிஸ்கட் பாக்கெட்டும் முடிந்தால் ஒரு போர்வையும் கொடுத்தனுப்புங்கள் என்று அதில் எழுதியிருக்கும். டிசம்பர் 3 உலக மாற்றுத்திறனாளிகள் நாள் என்பதாலும், புத்தாண்டு நெருங்குவதாலும், அந்த மாதத்தில் இத்தகைய வருகைகள் குவிந்துவிடுகின்றன. நான் தெற்குத் தில்லியில் உள்ள ஒரு முதியோர் இல்லத்துக்குப் பல ஆண்டுகளாகச் சனிக்கிழமைகளில் போய் வருகிறேன். பார்வையற்ற கல்லூரி மாணவர்களுக்குப் பாடம் வாசித்துக் காட்டும் ஒரு சிறு குழுவிலும் இருக்கிறேன். ஆகவே பேருந்திலிருந்து இறங்கி வரும் பிள்ளைகளை வாசலுக்கு உள்ளே நின்று பார்க்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்திருக்கிறது. பிள்ளைகள் வரவே வேண்டும் என்று உறுதியாக நம்புகிறவள் நான். ஆனால் இப்போது நடக்கும் விதத்தில், அவர்கள் கற்றுக்கொண்டு திரும்புவது நாம் கற்பிக்க நினைத்ததற்கு நேர் எதிரான பாடமாக இருக்கிறது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

ஒரு வகுப்பே ஒன்றாக வந்து இறங்குகிறது. கூடத்தில் முதியவர்களை நாற்காலிகளில் வரிசையாக உட்கார வைத்திருக்கிறார்கள், சிலரை மதியத் தூக்கத்திலிருந்து எழுப்பி. இரண்டு பாடல்கள், ஒரு நடனம், பிறகு பொருள்களை வழங்குதல், பிறகு புகைப்படம். புறப்படும் முன் ஆசிரியர் பிள்ளைகளிடம், “பார்த்தீர்களா, நாம் எவ்வளவு கொடுத்துவைத்தவர்கள்! இதற்காகக் கடவுளுக்கு நன்றி சொல்லுங்கள்” என்று இந்தியில் சொல்கிறார். இந்த வாக்கியத்தை ஏதோ ஒரு வடிவில் சொல்லாத ஆசிரியரை நான் அரிதாகவே பார்த்திருக்கிறேன். அவருடைய நோக்கம் நல்லதுதான். ஆனால், எதிரே உட்கார்ந்திருப்பவரின் வாழ்க்கை என் அதிர்ஷ்டத்தை நான் அளந்து பார்த்துக்கொள்வதற்காக வைக்கப்பட்டிருக்கிறது என்றுதான் பதின்மூன்று வயதுப் பிள்ளை அதைப் புரிந்துகொள்ளும். அந்த வாக்கியம் நாற்காலியில் இருப்பவர்களின் காதிலும் விழுகிறது என்பதை யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை.

அந்த இல்லத்தில் ரயில்வே கணக்குப் பிரிவில் பணியாற்றி ஓய்வுபெற்ற ஒரு பெரியவர் இருந்தார். அவருக்குச் சர்க்கரை நோய். ஒவ்வொரு டிசம்பரிலும் கிரீம் பிஸ்கட் பாக்கெட்டுகள் அவர் மடியில் சேரும். எல்லாவற்றையும் இரு கைகளாலும் வாங்கிக்கொண்டு, கொடுத்த பிள்ளையின் பெயரைக் கேட்பார். ஒருமுறை நான் காரணம் கேட்டபோது, “வேண்டாமென்றால் குழந்தை முகம் வாடிப்போகுமேம்மா” என்றார். பரிவைக் கற்றுக்கொள்ள அத்தனை பேர் வந்திருந்த கூடத்தில், அடுத்தவர் மனத்தை அறிந்து நடந்துகொண்டவர் அவர் ஒருவர்தான். அவரிடம் கற்றுக்கொள்ள ஏற்பாடு செய்திருக்க வேண்டிய வருகையை, அவருக்குக் கொடுத்துவிட்டுப் போகும் வருகையாக நாம் ஆக்கிவைத்திருக்கிறோம். என் குறை முழுவதும் இந்த ஒரு இடத்தில்தான் இருக்கிறது.

வேறுபட்ட இரு குழுவினர் சந்தித்துக்கொண்டாலே தப்பெண்ணம் கரைந்துவிடும் என்பது உண்மையல்ல. அமெரிக்க உளவியலாளர் கார்டன் ஆல்போர்ட் 1954ஆம் ஆண்டிலேயே இதை எழுதியிருக்கிறார். இரு தரப்பும் சம நிலையில் இருக்க வேண்டும், பொதுவான ஓர் இலக்கு வேண்டும், அதற்காகச் சேர்ந்து வேலை செய்ய வேண்டும், நிறுவனத்தின் ஆதரவும் வேண்டும் என்று நான்கு நிலைமைகளை அவர் குறிப்பிட்டார். நம் பள்ளி வருகைகளில் நிறுவனத்தின் ஆதரவு இருக்கிறது. மற்ற மூன்றும் இல்லை. ஒருவர் நின்றுகொண்டு கொடுக்கிறார், மற்றவர் உட்கார்ந்தபடி வாங்குகிறார் என்ற அமைப்பில் சம நிலை எங்கிருந்து வரும்?

பள்ளிகள் விரும்பி நடத்தும் இன்னொரு பயிற்சியைப் பற்றியும் இங்கே சொல்ல வேண்டும். மாணவர்களின் கண்ணைத் துணியால் கட்டி, பத்து நிமிடம் நடக்கச் சொல்லி, பார்வையற்றவரின் வாழ்க்கையை உணர்ந்துகொள்ளுங்கள் என்கிறார்கள். கொலராடோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், இப்படிக் கண்ணைக் கட்டிக்கொண்டு பார்த்தவர்கள், பார்வையற்றவர்களால் தனியே வாழவும் வேலை பார்க்கவும் இயலும் என்பதைக் குறைத்தே மதிப்பிட்டார்கள். இதில் வியப்பில்லை. கண்ணைக் கட்டியதும் நாம் உணர்வது பார்வையை இழந்த முதல் நிமிடத்தின் திகைப்பை மட்டுமே. வெண்கோலைப் பிடித்து ராஜீவ் சௌக் மெட்ரோவில் தடம் மாறி ஏறப் பழகியவரின் திறமையையோ, கணினித் திரையில் உள்ளதைக் குரலாகப் படித்துக்காட்டும் திரைவாசிப்பானை நம் காதுக்குப் பிடிபடாத வேகத்தில் ஓடவிட்டுக் கேட்பவரின் கூர்மையையோ அந்தப் பத்து நிமிடம் காட்டித் தராது. அந்தத் துணியை அவிழ்த்து வைத்துவிட்டு, அவரையே வகுப்புக்கு அழைத்து, தன் வேலையைப் பற்றி ஒரு மணி நேரம் பேசச் சொன்னால் போதும். அதற்கு உரிய மதிப்பூதியத்தையும் கொடுக்க வேண்டும்.

நல்ல முறையில் நடந்த ஒன்றையும் நான் பார்த்திருக்கிறேன். அதே இல்லத்தில் நினைவு மங்கத் தொடங்கிய தமிழ்ப் பாட்டி ஒருவர் இருந்தார். கணவரின் மத்திய அரசு வேலைக்காக இளம் வயதில் தில்லிக்கு வந்து, நன்றாக இந்தி பேசிப் பழகியவர். நோய் முற்ற முற்ற இந்தி அவரைவிட்டுப் போய், தமிழ் மட்டும் மிஞ்சியது. இப்படிப் பிற்காலத்தில் கற்ற மொழி முதலில் உதிர்ந்துவிடுவது மறதிநோய் உள்ளவர்களிடம் காணப்படுவதுதான். ஜார்க்கண்டிலிருந்தும் உத்தராகண்டிலிருந்தும் வந்த பணிப்பெண்கள் அன்பானவர்கள், ஆனால் தண்ணீர் வேண்டும் என்று அவர் கேட்பது அவர்களுக்குப் புரியவில்லை. அப்போது எங்கள் பகுதியைச் சேர்ந்த ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி, பெற்றோரின் சம்மதத்தோடு, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை என்னோடு வரத் தொடங்கினாள்.

முதல் சில வாரங்கள் அவளுக்குக் கடினமாகத்தான் இருந்தன. “எப்படி இருக்கீங்க பாட்டி?” என்று கேட்டால் பதில் வராது, பள்ளிக்கூடத்தைப் பற்றிக் கேட்டால் கும்பகோணத்துத் தெருக்கள் ஒவ்வொன்றாக வரும். இறந்துபோன கணவர் அலுவலகத்திலிருந்து இன்னும் வரவில்லையே என்று பாட்டி கேட்டபோது, அவள் பதறிப்போய் என்னைப் பார்த்தாள். உண்மையைச் சொல்லித் திருத்தினால், பாட்டி அந்தத் துக்கத்தை முதல்முறையாகக் கேட்பதுபோல் மறுபடியும் அனுபவிப்பார் என்றும், கணவரைப் பற்றிப் பேசச் சொல்லிக் கேட்பதே நல்லது என்றும் இல்லத்தின் செவிலியர்தான் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தார். பிறகு பல்லாங்குழி வந்தது. சோழி எண்ணுவதில் பாட்டிக்குத் தடுமாற்றமே இல்லை. இவள் தோற்றாள், சண்டை போட்டாள், மறுபடி ஆட வந்தாள். பேசாமல் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதும் ஒரு வேலைதான் என்பதை அந்தப் பெண் தானாகவே கண்டுகொண்டாள். பணிப்பெண்களுக்காகப் பத்துப் பதினைந்து தமிழ்ச் சொற்களை இந்தி எழுத்தில் எழுதிக் கட்டிலருகே ஒட்டியதும் அவளுடைய யோசனைதான். ஒரே ஒரு நாள் வந்து பாடிவிட்டுப் போயிருந்தால் இவற்றில் எதுவும் நடந்திருக்காது. தில்லியில் தமிழ் பேசும் பிள்ளைகள் படிக்கும் பள்ளிகள், குறிப்பாகத் தில்லித் தமிழ்க் கல்விக் கழகப் பள்ளிகள், இதை ஓர் ஒழுங்கான பணியாக எடுத்துச் செய்தால், தலைநகரில் தனியே முதுமையடையும் எத்தனையோ தமிழர்களுக்குப் பேச்சுத் துணை கிடைக்கும். பிள்ளைகளுக்கும் தமிழில் பேச ஒரு காரணம் கிடைக்கும்.

மேல் வகுப்பு மாணவர்களுக்கு இன்னும் திட்டமான வேலைகள் இருக்கின்றன. பார்வையற்ற மாணவர்கள் தேர்வு எழுதும்போது அவர்கள் சொல்லச் சொல்ல எழுதுவதற்கு ஆள் வேண்டும். எழுதுபவர் தேர்வரைவிடக் கீழ்ப்படிப்பில் இருக்க வேண்டும் என்பது விதி. அதாவது, இந்த வேலைக்குப் பொருத்தமானவர்களில் பள்ளி மாணவர்களும் இருக்கிறார்கள். தேர்வுக் காலத்தில் எழுத ஆள் கிடைக்காமல் கடைசி நாள் வரை தொலைபேசியும் கையுமாக அலையும் கல்லூரி மாணவர்களை எனக்குத் தெரியும். மூன்று மணி நேரத் தேர்வும், மணிக்கு இருபது நிமிடக் கூடுதல் நேரமுமாக, இன்னொருவரின் சிந்தனைக்குக் குறுக்கே வராமல், தனக்குத் தெரிந்ததைச் சேர்க்காமல், அவர் சொன்னதைச் சொன்னபடி எழுதி முடிக்கும் ஒரு பதினோராம் வகுப்பு மாணவன், தன்னைவிட நன்றாகப் படித்த ஒருவரின் கையாக இருந்துவிட்டு வருகிறான். அவனுக்கு அவர்மேல் வருவது மரியாதைதான். தீபாவளிக்கு முன்பு லால் பகதூர் சாஸ்திரி மார்க்கில் உள்ள பார்வையற்றோர் நலச் சங்கத்தில் நடக்கும் சந்தைக்குப் போய், அங்கே பயிற்சி பெறுவோர் செய்த மெழுகுவத்திகளை விலை கொடுத்து வாங்குவதும் நல்ல தொடக்கமே. வாங்குபவரும் விற்பவருமாகச் சந்திப்பதில் கூச்சம் இல்லை.

புகைப்படத்தைப் பற்றிச் சுருக்கமாக. பாதுகாப்பும் பராமரிப்பும் தேவைப்படும் குழந்தைகளின் அடையாளத்தை, படம் உட்பட, ஊடகங்களில் வெளியிடுவதை 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் 74ஆம் பிரிவில் தடைசெய்கிறது. ஆறு மாதம் வரை சிறையோ இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கலாம். குழந்தைகள் இல்லங்களில் எடுத்த படங்களைத் தங்கள் பக்கத்தில் பதிவேற்றும் பள்ளிகள் இதைப் படித்துப் பார்க்க வேண்டும். முதியவர்களுக்கு அந்தச் சட்டம் பொருந்தாவிட்டாலும், அது அவர்கள் குடியிருக்கும் வீடு. அனுமதி கேட்காமல் ஒருவர் வீட்டுக்குள் நுழைந்து படம் எடுக்கக் கூடாது என்பதற்குச் சட்டம் தேவையில்லை.

ஆசிரியர்களை நான் குறை சொல்லவில்லை. அவர்களுக்கு யாரும் இதைக் கற்றுக்கொடுக்கவில்லை. ஜப்பானில் 1998 முதல், தொடக்க, நடுநிலைப் பள்ளி ஆசிரியராகத் தகுதி பெற விரும்புகிறவர்கள் சிறப்புப் பள்ளிகளிலும் நலவாழ்வு இல்லங்களிலும் குறைந்தது ஏழு நாள் இருந்து, உதவி செய்து, பழகியிருக்க வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. ஊட்டிவிடவும் சக்கர நாற்காலியைத் தள்ளவும் பழகிய ஓர் ஆசிரியர், தன் மாணவர்கள் பேருந்தில் கேட்கும் கேள்விகளை அதட்டி அடக்கமாட்டார். “அந்த அண்ணா ஏன் அப்படிப் பேசுகிறார்?” என்று ஒரு குழந்தை கேட்டால், வாயை மூடு என்று சொல்லாமல், மூளை முடக்குவாதத்தில் பேச்சுத் தசைகள் எப்படி இறுகுகின்றன என்பதை விளக்கி, அவர் பேசி முடிக்கும்வரை காத்திருந்தால் உனக்குப் புரியும் என்று சொல்லத் தெரிந்திருக்கும்.

இவ்வளவுக்கும் அடியில் இன்னொரு கேள்வி இருக்கிறது. மாற்றுத்திறன் உள்ள ஒரு குழந்தையைப் பார்ப்பதற்கு நம் பிள்ளைகள் ஏன் பேருந்தில் ஏறிப் போக வேண்டியிருக்கிறது? 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி நாட்டில் 2.68 கோடி மாற்றுத்திறனாளிகள் இருந்தார்கள். அவர்களில் 5 முதல் 19 வயது வரையிலானவர்களில் ஏறத்தாழக் கால் பங்கினர் எந்தக் கல்வி நிறுவனத்துக்கும் போகவில்லை என்று யுனெஸ்கோவின் 2019ஆம் ஆண்டு அறிக்கை சொல்கிறது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், அரசு நிதி பெறும் பள்ளிகளும் அங்கீகாரம் பெற்ற பள்ளிகளும் அவர்களைப் பாகுபாடின்றிச் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்கிறது. ஆயினும் டிசம்பரில் போர்வை கொடுக்கப் போகும் ஒரு பள்ளியே, ஏப்ரலில் ஆட்டிசம் உள்ள குழந்தையின் தாயிடம் “எங்களிடம் வசதி இல்லை, சிறப்புப் பள்ளியைப் பாருங்கள்” என்று சொல்லி அனுப்பியதை நான் அந்தத் தாயின் வாயால் கேட்டிருக்கிறேன். நான் வசிக்கும் மயூர் விகாரிலிருந்து சில மெட்ரோ நிலையங்கள் தள்ளி, கர்கர்டூமாவில், 1981இல் உமா துலி தொடங்கிய அமர் ஜோதி தொண்டு நிறுவனத்தின் பள்ளி இருக்கிறது. அங்கே மாற்றுத்திறன் உள்ள குழந்தைகளும் மற்றக் குழந்தைகளும் சம எண்ணிக்கையில் ஒரே வகுப்பில் படிக்கிறார்கள். பக்கத்து பெஞ்சில் இருப்பவனோடு சண்டை போட்டு, சமாதானமாகி, வீட்டுப்பாடத்தைப் பார்த்து எழுதி வளரும் பிள்ளைக்குத் தனியாக ஒரு நாள் வருகை தேவைப்படாது.

எல்லாப் பள்ளிகளும் நாளைக்கே அப்படி மாறிவிடும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அதுவரை வருகைகள் நடக்கட்டும். ஆனால் முதலில் ஓர் ஆசிரியர் தனியாகப் போய், அங்கே இருப்பவர்களிடமே என்ன வேண்டும், எந்த நேரம் வசதி, யாருக்கு விருப்பமில்லை என்று கேட்டு வரட்டும். மொத்த வகுப்பையும் ஒரு நாள் கொண்டுவந்து இறக்குவதற்குப் பதிலாக ஆறு பேரை ஆண்டு முழுவதும் அனுப்பட்டும். எந்த விருந்தினரும் எட்டிப் பார்க்காத ஜூலை மாதப் புழுக்கத்திலும் அந்த ஆறு பேர் வர வேண்டும். தில்லிப் பள்ளிகளில் பணியாற்றும் நண்பர்கள், ஏப்ரலில் புதிய கல்வியாண்டுக்கான நாட்காட்டி அச்சாவதற்கு முன் இதைப் பற்றித் தலைமையாசிரியரிடம் பேசுங்கள். முதியோர் இல்லத்தில் தமிழில் பேசவும், கல்லூரி மாணவர்களுக்குப் பாடம் வாசிக்கவும், தேர்வு எழுதவும் பிள்ளைகள் தேவை. முன்வரும் ஆசிரியர்கள் எனக்கு எழுதினால், அங்கே இருப்பவர்களின் சம்மதத்தைக் கேட்டு நானே ஏற்பாடு செய்கிறேன்.