"ரேட் கம்மி பண்ணித் தர்றோம் சார்"

சோற்றில் கை வைக்கும் நேரம் பார்த்துத்தான் அந்த போன் வருகிறது. "சார், உங்க ஹோம் லோனுக்கு இன்ட்ரஸ்ட் ரொம்ப ஜாஸ்தியாப் போய்க்கிட்டிருக்கு, நாங்க ஒரு பர்சன்ட் கம்மி பண்ணித் தர்றோம்." யாருங்க நீங்க? என் வட்டி ஜாஸ்தி என்று உங்களிடம் வந்து அழுதது யார்? 2025 தொடக்கத்தில் 6.5 சதவீதமாக இருந்த ரெப்போ வட்டி (ரிசர்வ் வங்கி பேங்க்குகளுக்குக் கொடுக்கும் கடனுக்கான வட்டி) அந்த வருடம் முடிவதற்குள் 5.25-க்கு வந்ததோ இல்லையோ, நம் கடனை ஒரு பேங்க்கிலிருந்து இன்னொரு பேங்க்குக்கு மாற்றிவிடும் பேலன்ஸ் டிரான்ஸ்பர் கோஷ்டிக்கு ஒரே கொண்டாட்டம். விளம்பர அழைப்பே வேண்டாம் என்று 1909-இல் பதிந்து வைத்தும் பிரயோஜனமில்லை. விளம்பர அழைப்பு என்றால் 140-இல் தொடங்கும் எண்ணிலிருந்துதான் வர வேண்டும் என்று விதி இருக்கிறது, இவர்களோ சாதாரண பத்து இலக்க செல்போனிலிருந்து கூப்பிட்டு "பேங்க்ல இருந்து பேசுறோம்" என்கிறார்கள். எந்த பேங்க் என்று கேட்டால் "எல்லா பேங்க்கும் பண்றோம் சார்". அடேங்கப்பா!

இதைவிட எரிச்சல், நம்ம ஆட்கள் இதற்கு மயங்குவது. என் மச்சான் சத்தியம் செய்யாத குறையாகச் சொல்கிறார், "மாப்ளே, என் லோன் எந்த பேங்க்ல இருக்கு, எவ்வளவு வாங்கினேன்னு கரெக்டா சொல்றான்யா, அப்ப ஜெனுவின் பார்ட்டிதானே?" ஐயோ சாமி! வீட்டுக் கடன் வாங்கும்போது சார்பதிவாளர் அலுவலகத்தில் எம்.ஓ.டி., அதாவது வீட்டுப் பத்திரத்தை பேங்க்கில் அடமானமாக வைத்ததற்கான ஆவணம், பதிவு செய்தோமே, அது வில்லங்கச் சான்றில் பேங்க் பெயரோடும் தொகையோடும் உட்கார்ந்திருக்கிறது. சர்வே நம்பர் தெரிந்த எவரும் பதிவுத்துறை இணையதளத்தில் வீட்டிலிருந்தபடியே பார்த்துக்கொள்ளலாம். இவன் அங்கேதான் எடுத்தான் என்று நான் சொல்லவில்லை, எங்கே வேண்டுமானாலும் எடுத்திருப்பான். நம் கடன் விவரம் தெரிந்திருப்பது ஒருவன் யோக்கியன் என்பதற்கு அத்தாட்சி ஆகாது, அவ்வளவுதான்.

சரி, ஆள் மோசடிக்காரன் இல்லை, நிஜ ஏஜென்ட்தான் என்றே வைத்துக்கொள்வோம். அவன் சொல்லும் கணக்கைப் பாருங்கள். பாக்கி 30 லட்சம், இன்னும் 12 வருடம், வட்டி 9 சதவீதம் என்றால் மாதத் தவணை சுமார் 34,100. "எட்டு சதவீதத்துல போட்டுத் தர்றோம் சார், இஎம்ஐ 25,100-தான் வரும், மாசம் ஒன்பதாயிரம் மிச்சம்!" கேட்கவே குளுகுளுவென்று இருக்கிறது, இல்லையா? ஆனால் அந்த 25,100 எங்கிருந்து வந்தது? பன்னிரண்டு வருடத்தைச் சத்தமில்லாமல் இருபதாக நீட்டியதால் வந்தது. பழைய கடனில் இனிமேல் கட்ட வேண்டிய வட்டி சுமார் 19 லட்சம், புதியதில் 30 லட்சத்துக்கும் மேல்! ஒரு சதவீதம் குறைத்துக்கொண்டு பதினொரு லட்சம் கூடுதலாகக் கட்டுவதற்குப் பெயர் மிச்சமாம். அதே பன்னிரண்டு வருடத்துக்கு எட்டு சதவீதத்தில் போட்டால் தவணை 32,500-க்குப் பக்கத்தில் வரும், மொத்தத்தில் இரண்டரை லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவாக உண்மையாகவே மிஞ்சும். இதை மட்டும் எந்த ஏஜென்ட்டும் வாயைத் திறந்து சொல்ல மாட்டான், மாதம் ஆயிரத்து அறுநூற்றுச் சொச்சம் என்றால் யார் மயங்குவார்கள்?

அந்த மிச்சத்திலும் கை வைக்க வரிசையாக ஆள் இருக்கிறது. பிராசஸிங் கட்டணம், வக்கீல் ஒப்பீனியன், வேல்யூவேஷன், அப்புறம் புது பேங்க் பேரில் மறுபடியும் எம்.ஓ.டி., அதற்குக் கடன் தொகையில் 0.5 சதவீதம் முத்திரைத் தீர்வை (உச்சவரம்பு உண்டு, இருந்தாலும் நம் காசுதானே), மேலே பதிவுக் கட்டணம், பழைய எம்.ஓ.டி.யை நீக்க ஒரு ரசீது ஆவணம். இதோடு நைசாக ஒரு இன்சூரன்ஸ் பிரீமியத்தையும் கடனிலேயே சேர்த்து, அதற்கும் இருபது வருடம் வட்டி வாங்குவார்கள். கேட்டால் "கம்பல்சரி சார்".

அதனால் நான் இப்போது ஒன்றே ஒன்றுதான் கேட்கிறேன். 2024 அக்டோபரிலிருந்து கடன் கொடுப்பவர்கள் முக்கிய விவர அறிக்கை, அதாவது கேஎஃப்எஸ், கொடுத்தாக வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி உத்தரவு. எல்லாக் கட்டணமும் சேர்த்து வருட வட்டி உண்மையில் எவ்வளவு என்று அதில் இருக்கும். "கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடி அதை பேங்க் மெயில் ஐடியில இருந்து அனுப்புவீங்களா?" என்றால் மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "சார், முதல்ல ஆதாரும் பான் கார்டும் வாட்ஸ்அப்ல போடுங்க, எலிஜிபிலிட்டி செக் பண்ணிடலாம்." போட்டால் என்ன ஆகும்? நாலு இடத்தில் விண்ணப்பம் தட்டுவான், நம் பேரில் நாலு கடன் என்கொயரி விழும், கடனை ஒழுங்காகக் கட்டுவோமா என்று பேங்க் பார்க்கும் சிபில் ஸ்கோர் இறங்கும். இன்னும் துணிந்தவன் "பிராசஸிங் ஃபீஸ் மட்டும் இந்த நம்பருக்கு ஜிபே பண்ணிடுங்க" என்பான். தனி ஆள் கணக்குக்குக் காசு கேட்டால் அதற்கு மேல் யோசிக்க என்ன இருக்கிறது? அனுப்பித் தொலைத்தவர்கள் நேரத்தைக் கடத்தாமல் சைபர் மோசடிப் புகார் எண் 1930-க்கு அடியுங்கள்.

போனில் பேசும் அந்தப் பெண்ணைத் திட்டி ஒன்றும் ஆகப்போவதில்லை, அதுவும் டார்கெட்டுக்கு ஓடும் பிள்ளை. இந்த ஏஜென்ட்டுகளை வைத்துத் தொழில் நடத்திவிட்டு, புகார் செய்தால் "அவர் எங்கள் ஊழியர் இல்லை" என்று கை கழுவுகிறார்கள் பாருங்கள், அவர்கள் மேல்தான் ஆத்திரம். ஏஜென்ட் செய்வதற்கு பேங்க்தான் பொறுப்பு என்று ரிசர்வ் வங்கி விதியே இருக்கிறது.

நான் கடன் வைத்திருக்கும் இடம் மட்டும் என்ன ஒழுங்கா? புதிதாக வருபவனுக்கு ஒரு வட்டி, வருடக்கணக்காகத் தவணை தவறாமல் கட்டுகிற எனக்கு அதைவிட ஜாஸ்தி வட்டி. கிளைக்குப் போய் "வேற பேங்க்குக்கு மாத்தப் போறேன், முழு பாக்கிக்கு ஸ்டேட்மென்ட் கொடுங்க" என்று சொன்ன பிறகுதான், "ஏன் சார் அவசரப்படுறீங்க, சின்னதா ஒரு கன்வெர்ஷன் ஃபீஸ் கட்டுங்க, இங்கேயே குறைச்சுத் தர்றோம்" என்கிறார் மேனேஜர். மாறும் வட்டி வீட்டுக் கடனை முன்கூட்டியே அடைத்தால் அபராதம் வாங்கக் கூடாது என்று 2012-லேயே தடை வந்துவிட்டதால், பிடித்து வைக்க வேறு வழி இல்லை அவருக்கு. இந்தக் குறைப்பு வசதி இத்தனை நாளும் இருந்திருக்கிறது. முன்பின் தெரியாதவனெல்லாம் தினமும் கூப்பிடுகிறான், இதைச் சொல்வதற்கு இவர்களிடமிருந்து ஒரு போன் வரவில்லை.