வைஃபை பெயரை மறைப்பது பாதுகாப்பு ஆகாது

“ரூட்டரில் வைஃபை பெயரை மறைத்துவிட்டால் போதும், பாஸ்வேர்டே தேவையில்லை, மாடிக் குடித்தனக்காரர்களுக்கு இணைப்பு இருப்பதே தெரியாது” என்று ஓர் அன்பர் எழுதியிருக்கிறார். இதை நம்பி யாரும் பாஸ்வேர்டை எடுத்துவிட வேண்டாம்.

மறைக்கும்போது ரூட்டர் நொடிக்குப் பத்து முறை போல அனுப்பும் அறிவிப்பில் பெயருக்கான இடம் மட்டும் காலியாக விடப்படுகிறதே தவிர, அறிவிப்பு நிற்பதில்லை. வில்லாபுரத்தில் என் அக்கா வீட்டில் இப்படித்தான் மறைத்து வைத்திருந்தார்கள்; மாடியில் லேப்டாப்பைத் திறந்தால் பட்டியலில் ‘ஹிடன் நெட்வொர்க்’ என்று முழு சிக்னலோடு நின்றது. போதாததற்கு, வீட்டுக் கைப்பேசி ஒவ்வொரு முறை இணையும்போதும் அந்தப் பெயரைக் குறியாக்கம் (பிறர் படிக்க முடியாதபடி மாற்றுவது) இல்லாமலே அனுப்புகிறது என்பதால், இலவசச் செயலி ஒன்றை வைத்துக்கொண்டு காத்திருப்பவர் அதை எளிதில் படித்துவிடலாம். இன்னொரு வேடிக்கை: மறைத்த இணைப்பைச் சேமித்து வைத்த கைப்பேசி, நீங்கள் மாட்டுத்தாவணியில் பேருந்துக்கு நிற்கும்போதும் அந்தப் பெயரைச் சொல்லித் தேடிக்கொண்டிருக்கக்கூடும்.

பலருடைய ரூட்டரில் 192.168.1.1 என்ற முகவரியை பிரவுசரில் அடித்தால் திறக்கும் அமைப்புப் பக்கத்தில், வயர்லெஸ் பாதுகாப்பு என்னும் பகுதிக்குச் சென்று இணைப்பைக் குறியாக்கம் செய்து காக்கும் டபிள்யூபிஏ2 ஏஇஎஸ் முறையையோ, 2018இல் வந்த டபிள்யூபிஏ3 முறையையோ தேர்ந்தெடுத்து, நீளமான பாஸ்வேர்டு வையுங்கள். பாஸ்வேர்டு அடிக்காமல் ஒரு பொத்தானாலோ பின் எண்ணாலோ இணைய உதவும் டபிள்யூபிஎஸ் வசதியை அணைத்துவிடுங்கள். அந்தப் பக்கத்துக்குள் நுழையும் ‘அட்மின்’ பாஸ்வேர்டையும் மாற்ற வேண்டும். அக்கா வீட்டில் அது ரூட்டரின் அடியில் ஒட்டியிருந்த பழைய பாஸ்வேர்டாகவே இருந்தது.