ஈரமா என்று தொட்டுப் பார்க்காதீர்கள்

காயவில்லை என்று மூன்று தடவை சொன்னேன். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, "மாமா, அந்தப் படத்துப் பக்கம் போகாதீங்க, ஆயில் பெயின்ட், இன்னும் ஈரம்" என்றேன். காபி கொடுக்கும்போது மறுபடியும் சொன்னேன். அவர் எழுந்து படத்தை நோக்கி நடந்ததும் அடுப்படியிலிருந்தே கத்தினேன். கத்தி முடிப்பதற்குள் ஆள்காட்டி விரல் படத்தில் என் பூனை பூசணியின் நெஞ்சில் இருந்தது.

சும்மா பட்ட விரல் இல்லை. அழுத்தினார். எடுத்தார். கட்டைவிரலோடு சேர்த்துத் தேய்த்துப் பார்த்தார். வெளிச்சத்தில் நீட்டிப் பார்த்தார். அப்புறம் என்னிடமே திரும்பி, "ஆமாம்மா, ஈரமாத்தான் இருக்கு" என்றார். விரலை நாற்காலிக்கு அடியில் துடைத்துக்கொண்டார்.

நான் சொன்னது காதில் விழுந்ததா இல்லையா? விழுந்தது. ஆனால் ஈரம் என்று யார் சொன்னாலும் விரலுக்குத் தெரியாமல் நம்பக்கூடாதாம். புது கேட்டுக்குப் பெயின்ட் அடித்த எந்த வீட்டிலும் கேட்டுப் பாருங்கள், ஒரு விரல் தடமாவது இருக்கும்.

முதுகுக் கோடுகளில் கை வைத்திருந்தால்கூடத் தப்பித்திருக்கும். அது பர்ன்ட் அம்பர், மாங்கனீஸ் கலந்த மண் நிறம், ஓரிரு நாளில் இறுகிவிடும். நெஞ்சு முழுக்க டைட்டானியம் வெள்ளை. அது ஒரு வாரம்கூட இழுக்கும். ஆயில் பெயின்ட் ஈரத்துணி மாதிரி காய்வதில்லை. ஆளி விதை எண்ணெய் காற்றிலிருக்கும் ஆக்ஸிஜனை எடுத்து மெல்ல மெல்லக் கெட்டிப்படும். இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே மாமா எழுந்துபோய் ஃபேனை ஐந்தில் வைத்தார், சீக்கிரம் காயட்டும் என்று. இப்போது வெள்ளையில் விரல் தடத்தோடு தூசியும் இருக்கிறது.

அப்புறம் கேட்டார்: "பழைய படமே நல்லாத்தானேம்மா இருந்துச்சு?"

நல்லா இல்லை. 2017-இல் அக்ரிலிக்கில் வரைந்தது. மத்தியான வெயிலில் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் பூனைக்கு வட்டமான கண்மணி வைத்துவிட்டேன். வெயிலில் பூனைக் கண்மணி நெட்டுக்கோடாகச் சுருங்கும். நான் வரைந்தது இருட்டில் விழிக்கிற கண். பூசணி இருந்தவரை அது பெரிதாக உறுத்தவில்லை, நிஜக் கண் பக்கத்திலேயே இருந்தது. போன பங்குனியில் போய்விட்டாள். இனி அந்தப் படத்தில் இருப்பதுதான் அவள் கண். அது தப்பாக இருக்கக்கூடாது. அதனால்தான் பழைய அக்ரிலிக் மேலேயே ஆயிலில் திரும்ப வரைகிறேன்.

பிரெஞ்சு ஓவியர் பியேர் பொன்னார் 1894-இல் வரைந்த வெள்ளைப் பூனை பாரிஸில் ஓர்சே அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதை எக்ஸ்-ரே எடுத்தபோது, கால்களின் வடிவத்தையும் இடத்தையும் முடிவு செய்ய அவர் எவ்வளவு தடுமாறியிருக்கிறார் என்று தெரிந்தது. ஒரு பூனையின் காலுக்கு அவ்வளவு பாடுபடலாம். என் பூனையின் கண்ணுக்கு நான் பாடுபடக்கூடாதா?

"ஒரு போட்டோவைப் பெரிசா பிரிண்ட் போட்டா முடிஞ்சுதே" என்றும் சொன்னார். போட்டோ முந்நூறுக்கு மேல் இருக்கிறது. கூப்பிட்டால் வராமல் இடது காதை மட்டும் இந்தப் பக்கம் திருப்புவாளே, அது ஒன்றில்கூட இல்லை. என் கைக்குத்தான் தெரியும்.

நேற்று ராத்திரி நெஞ்சு வெள்ளை முழுவதையும் கத்தியால் சுரண்டி எடுத்தேன். தடம் இருந்த இடத்தை மட்டும் பூசினால் ஓரம் தனியாகத் தெரியும், வேறு வழியில்லை. மூன்று சாயங்கால வேலை போச்சு. அந்த வெள்ளையைப் பழையபடி கொண்டுவர இன்னும் ஒரு வாரம்.

அது முடிந்து காய்ந்தாலும் மாட்ட முடியாது. உசரத்தில் ஆணி அடிக்க ஏணி வேண்டும். தீபாவளிக்கு வெள்ளையடிக்க என்று வாங்கிக்கொண்டு போன எங்கள் ஏணி இன்னும் மாமா வீட்டு மாடியில்தான் கிடக்கிறது. கேட்டால், "வர்றப்ப எடுத்துட்டு வர்றேம்மா" என்கிறார். வந்தாரே! விரலை மட்டும் எடுத்துக்கொண்டு வந்தார்.