முக்கால் முழத்தில் முடியும் அந்தி

கதை சொல்ல வெண்பா என்ற பாவகை லாயக்கில்லை என்று நேற்று நண்பர் ஒருவர் எழுதியிருந்தார். நாலு அடிக்கு ஒரு தரம் நின்றுவிடுகிறதாம், விருத்தம் என்ற இன்னொரு பாவகை போல ஓடவில்லையாம். படித்த எரிச்சலோடு தண்டையார்பேட்டை மார்க்கெட்டுக்குப் போனேன். வழக்கமாகப் பூ வாங்கும் அக்கா மல்லிகையை மூன்று முழம் அளந்துவிட்டு, மிச்சச் சரத்தையும் கையில் வைத்துப் பார்த்தார். முக்கால் முழம்தான் தேறியது. அதையும் சேர்த்தே கொடுத்துவிட்டார். வெண்பாவின் கணக்கும் இதுதான்: மூன்று அடிக்கு நான்கு நான்கு சீர் (அடியில் பிரிந்து நிற்கும் சொல் துண்டு), ஈற்றடிக்கு, அதாவது கடைசி அடிக்கு, மூன்றே சீர்.

400-க்கும் மேற்பட்ட பாட்டுகளில், இந்த ஒரே அளவில், நளன் கதையை 'நளவெண்பா'வாகச் சொல்லி முடிக்கிறார் புலவர் புகழேந்தி. தமயந்தியின் சுயம்வரத்துக்கு முந்தைய மாலை இப்படி வருகிறது:

மல்லிகையே வெண்சங்கா வண்டூத வான்கருப்பு
வில்லி கணைதெரிந்து மெய்காப்ப - முல்லையெனும்
மென்மாலை தோளசைய மெல்ல நடந்ததே
புன்மாலை அந்திப் பொழுது.

வண்டு மல்லிகையைச் சங்காக ஊதுகிறது, கரும்பு வில் ஏந்திய மன்மதன் கணையோடு காவல் வருகிறான், முல்லை மாலை தோளில் அசைகிறது. வாய்விட்டுப் படியுங்கள். மல்லி, வில்லி என்று இரண்டாம் எழுத்து ஒன்றி வரும் எதுகை, கோட்டுக்குப் பின் தனிச்சொல்லாக நிற்கும் 'முல்லையெனும்' வரை வந்து ஓய்கிறது. பிறகு மென்மாலை, புன்மாலை; ஒன்று தோளில் ஆடுவது, மற்றது பொழுது. 'மெல்ல நடந்ததே' என்கிறார், நடந்தது எது என்று சொல்லவில்லை. ஈற்றடிக்குக் காத்திருக்க வேண்டும். அங்கே 'புன்மாலை' மூன்று அசை (சீரை ஆக்கும் ஒலித்துண்டு), 'அந்திப்' இரண்டு, 'பொழுது' பிறப்பு வாய்பாடு: ஓர் அசையும் ஒட்டிக்கொண்ட ஓர் உகரமும். வெளிச்சம் மங்க மங்கச் சீரும் சிறுத்துக்கொண்டே போகிறது. (பள்ளியில் சீரை இப்படி அசை பிரிக்கும் அலகிடுதல் எங்களுக்கு இரண்டு மதிப்பெண் சமாச்சாரம். தேமா, புளிமா என்று எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குத் தாவிவிடுவோம். காதால் கேட்கச் சொன்னவர் எவருமில்லை.)

நீண்ட போர்க்களத்துக்கு விருத்தம்தான் தோது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வெண்பா ஓடாது என்பதை எப்படி ஒப்புக்கொள்வது? நளன் தேரோட்டுகிறான், அயோத்தி அரசன் இருதுபன்னன் அமர்ந்திருக்கிறான்.

மேலாடை வீழ்ந்த தெடுவென்றான் அவ்வளவில்
நாலாறு காதம் நடந்ததே

மேல்துண்டு விழுந்துவிட்டது, எடு என்று சொல்லி வாய் மூடுவதற்குள் 24 காதம் (பழைய தூர அளவு) கடந்துவிட்டது. அந்தியை மெல்ல நடத்திய அதே 'நடந்ததே' இங்கே பறக்கிறது. எழுவாயும் அதே போல, நான் இங்கே தராத மீதி அடிகளின் கடைசிச் சீர் வரை ஒளிந்திருந்து, ஒற்றை அசையாக வந்து நிற்கிறது: 'மா'. குதிரை.