எல்லாம் கோசோங்

சனிக்கிழமை காலை. சிங்கப்பூரில், ஈசூன் வட்டாரத்தில் ஒரு அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே காப்பிக்கடை. சேகர் இரண்டு கைகளாலும் மேசையைப் பிடித்துக்கொண்டு, கொதிக்கிற வெந்நீரில் இறங்குகிறவர் மாதிரி நாற்காலியில் இறங்குகிறார். எதிரே ஒன்பதாவது மாடி மணியண்ணன். முன்னால் காப்பி, அரைவேக்காட்டு முட்டை இரண்டு.

மணி: என்னடா, மூலமா?

சேகர்: ஸ்குவாட்ஸ் அண்ணே. பெர்சனல் டிரெய்னர் வச்சிருக்கேன். ஒரு மணி நேரத்துக்கு 80 வெள்ளி.

மணி: எண்பதா! அந்தக் காசுக்கு நான் மாசம் பூரா உன்னைத் திட்டியிருப்பேனே.

சேகர்: நேத்து முதல் வகுப்பு, கீழ எக்சர்சைஸ் கார்னர்ல. "பின்னாடி நாற்காலி இருக்குன்னு நினைச்சு உட்காருங்க"ன்னான். நம்பி உட்கார்ந்தேன்.

மணி: அப்புறம்?

சேகர்: நாற்காலி இல்ல.

மணி: டிஷ்யூ பாக்கெட் வச்சு முன்னாடியே இடம் பிடிச்சு 'சோப்' பண்ணியிருக்கணும்.

சேகர்: சிரிக்காதீங்க. பக்கத்துல ஒரு சீனப் பாட்டி. எழுபது வயசிருக்கும். விறுவிறுன்னு பெடல் மிதிச்சுக்கிட்டே "பெலான் பெலான்"னு, மெதுவா மெதுவான்னு, எனக்கு ஆறுதல் சொல்லுது!

மணி: என்எஸ்ல, தேசிய சேவையில, 2.4 கிலோமீட்டரை 11 நிமிஷத்துல ஓடினதா தீபாவளிக்குத் தீபாவளி சொல்வியே?

சேகர்: அப்ப ஓடினது 62 கிலோ. இப்ப ஓட வேண்டியது 84.

மணி: நடுவுல வந்த 22 கிலோ வாடகையாவது குடுக்குதா?

சேகர்: வாடகை வேணாம்ணே, காலி பண்ணினா போதும். உயரத்துக்கு ஏத்த எடையான்னு காட்டுற பிஎம்ஐ வேற பார்த்தான். 23ல இருந்தே ஆபத்து ஆரம்பமாம், 27.5 ஆயிட்டா ரொம்ப ஆபத்தாம். எனக்கு 30.85.

மணி: (சட்டைப் பையில் பேனாவைத் தேடியபடி) எவ்வளவுன்னே?

சேகர்: முப்பது புள்ளி எட்டு அஞ்சு.

மணி: 3085. இன்னிக்கு சாயங்காலம் ஃபோர் டி லாட்டரி, நாலு நம்பர் குலுக்கல் இருக்கு. பெருசுல ஒண்ணு, சின்னதுல ஒண்ணு கட்டிட வேண்டியதுதான்.

சேகர்: என் உசிரு உங்களுக்கு நம்பரா?

மணி: விழுந்தா உனக்கும் பங்கு தர்றேன்டா. சரி, சாப்பாட்டுக்கு என்ன சொன்னான்?

சேகர்: அதான் கொடுமை. எதையும் வாயில வைக்கிறதுக்கு முன்னாடி படம் எடுத்து வாட்ஸப்ல அனுப்பணும். நேத்து டப்பா டீ ஒண்ணு வாங்கினேன். மேல 'டி'ன்னு போட்டிருந்துச்சு.

மணி: டீயில டீன்னுதானே போடுவான்?

சேகர்: நானும் அப்படித்தான் நினைச்சேன். அது சர்க்கரைக்குப் போடுற கிரேடாம். ஏ, பி, சி, டி. டின்னா 100 மில்லிக்கு 10 கிராமுக்கு மேல சர்க்கரை. படத்தைப் பார்த்துட்டு அவன் அழுகிற மூஞ்சி மூணு அனுப்பினான். இனிமே எல்லாமே கோசோங்தான்னு உத்தரவு.

(கடைப் பையன் வருகிறான்.)

சேகர்: தம்பி, தே ஓ கோசோங் ஒண்ணு. பரோட்டா கோசோங் மூணு. குழம்பு தாராளமா.

மணி: டேய்!

சேகர்: கோசோங்தானே அண்ணே? முட்டை இல்ல, வெங்காயம் இல்ல, சீஸ் இல்ல.

(மலாயில் கோசோங் என்றால் காலி. தே ஓ என்றால் பால் இல்லாத தேநீர்; அதில் சர்க்கரையும் காலி, புரிகிறது. பரோட்டாவில் எண்ணெயைத் தவிர மற்றதெல்லாம் காலி.)

மணி: அப்ப இதையும் படம் எடுத்து அனுப்பு.

சேகர்: (முதல் பரோட்டாவைப் பிய்த்துக் குழம்பில் முக்கி வாயில் போட்டபடி) அதுக்குத்தான் உங்களைக் கூப்பிட்டேன். அந்த முட்டைய இப்படித் தள்ளுங்க.

(இடக்கையில் தட்டைப் பிடிக்கத் தெரியாத மனிதர். வலக்கையால் முட்டைத் தட்டை ஏந்தி, இடக்கையால் படமெடுத்து அனுப்புகிறார். இரண்டாவது பரோட்டா முடிவதற்குள் பதில் வருகிறது. மெல்லுவது நிற்கிறது.)

மணி: என்னவாம்?

சேகர்: "முட்டை சூப்பர்ணே. தட்டைப் பிடிச்சிருக்கிற கட்டைவிரல் ஏன் மஞ்சளா மின்னுது?"ன்னு கேக்குறான்.

மணி: அடிபட்டுச்சு, மஞ்சள் பத்து போட்டிருக்கேன்னு அடி.

(போனில் அப்படியே அடித்து அனுப்புகிறார். அடுத்த பதில் உடனே வருகிறது.)

சேகர்: "காயத்துல கறிவேப்பிலை ஒட்டியிருக்கு"ங்கிறான்.

மணி: (முட்டையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு) இவனுக்கு எண்பது குடுக்கலாம்டா.