குமாரதேவியின் பெயரும் அந்தக் காசில்தான் இருக்கிறது

முந்தாநாள் நடந்த விவாதத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். "முதலாம் சந்திரகுப்தரின் பொற்காசு" என்ற படக்குறிப்பில், குப்தப் பேரரசரான அவருடைய அரசி குமாரதேவியின் பெயரையும் சேர்க்கும்படி கேட்டதற்கு, வரலாற்றில் பெண்ணியத்தைத் திணிக்காதீர்கள் என்று பதில் வந்தது. நான் எதையும் திணிக்கவில்லை. குமாரதேவியின் பெயர் காசிலேயே பொறிக்கப்பட்டிருக்கிறது.

முன்புறத்தில் அரசரும் அரசியும் எதிரெதிரே நிற்கிறார்கள். அரசரின் பக்கத்தில் சந்திரகுப்தர் என்றும், அரசியின் பக்கத்தில் குமாரதேவி என்றும் பிராமி எழுத்துகள் உள்ளன. பின்புறத்தில், சிங்கத்தின்மேல் அமர்ந்திருக்கும் தேவிக்கு அருகே, அரசி பிறந்த லிச்சவியர் குலத்தின் பெயரே இருக்கிறது. சந்திரகுப்தரின் பாட்டனாரும் தந்தையாரும் மகாராஜா என்ற பட்டத்தோடு நின்றவர்கள். மகாராஜாதிராஜர், அதாவது அரசர்களுக்கெல்லாம் அரசர், ஆனவர் இவர்தான். அந்த உயர்வுக்கு லிச்சவியரின் மணவுறவு பெருந்துணையாக இருந்தது என்று ஆய்வாளர்கள் பலர் கருதுவது இந்தக் காசையும் வைத்துத்தான்.

இதைச் சந்திரகுப்தர் வெளியிடவே இல்லை, பெற்றோரின் நினைவாக மகன் சமுத்திரகுப்தர் வெளியிட்டார் என்று நாணயவியல் அறிஞர் ஜான் ஆலன் சொன்னதைச் சிலர் எனக்கு நினைவூட்டினார்கள். வரலாற்றாசிரியர் அல்தேகர் அதை மறுத்ததையும் அவர்கள் படித்திருக்கலாம். ஆலன் சொன்னதே சரியென்று வைத்துக்கொண்டாலும், தந்தையின் பெயரோடு தாயின் பெயரையும் தாய்க்குலத்தின் பெயரையும் பொன்னில் பொறித்த மகன் என்றுதானே ஆகிறது? அது என் பக்கத்துக்கே வலுச் சேர்க்கிறது. அரசியல் லாபத்துக்காக நடந்த திருமணம்தானே என்கிறவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை. அரச குலங்களில் எந்தத் திருமணம் அப்படி நடக்கவில்லை?

என் பெரியம்மா தம் நகைகளை விற்றுத் தொடங்கிய மளிகைக் கடைக்குப் பெரியப்பாவின் பெயரை மட்டுமே வைத்தார்கள். பெரியம்மா இறந்தபோது ஒட்டிய கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டியிலும் இன்னாருடைய மனைவி என்றுதான் இருந்தது. பெயர் எழுதப்படாமல் போன பெண்களைப் பற்றிப் பேசினால் ஆதாரம் கேட்கிறீர்கள். பெயர் எழுதப்பட்டிருக்கும் பெண்ணைப் பற்றிப் பேசினாலும் உணர்ச்சிவசப்படுகிறேன் என்கிறீர்கள். ஆம், உணர்ச்சிவசப்படுகிறேன். அதனால் காசில் உள்ள எழுத்து மாறிவிடாது.

சமுத்திரகுப்தரின் அலகாபாத் தூண் கல்வெட்டு அவரை லிச்சவியரின் மகள்வழிப் பேரன் என்றும், மகாதேவி குமாரதேவியிடம் பிறந்தவர் என்றும் சொல்கிறது. அவருடைய கொள்ளுப்பேரனான ஸ்கந்தகுப்தரின் பிதாரி தூண் கல்வெட்டிலும் வம்சத்தைச் சொல்லும் இடத்தில் அதே பெயர் வருகிறது. இத்தனை தலைமுறையாகக் குப்தர்களே விட்டுவிடாத பெயரைத்தான் ஒரு படக்குறிப்பில் சேர்க்கச் சொன்னேன்.