குடிக்காதவர்களும் மார்கரெட் ரிவர் போகலாம்

ஆஸ்திரேலியாவின் பெர்த்தில் இருக்கும் நம் ஆட்கள், தெற்கே ஒயினுக்குப் பேர்போன மார்கரெட் ரிவர் பகுதிக்குப் போகும் பயணத்தை இரண்டாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். ஆண்கள் நண்பர்களோடு கிளம்பினால் ஒயின் ஆலைகள். மனைவி, குழந்தைகள், ஊரிலிருந்து வந்த பெற்றோர் உடன் வந்தால் பஸ்ஸல்டன் கடற்பாலத்தில் ஒரு நடை, ஓர் ஐஸ்கிரீம், அன்றிரவே வீடு. "திராட்சைத் தோட்டத்தில் குடும்பத்துக்கு என்ன வேலை?" என்று கேட்கிறவர்கள் உண்டு. எங்கள் வீட்டில் யாரும் குடிப்பதில்லை. இருந்தும் விடுமுறை என்றால் எங்கள் கார் தெற்கே பார்த்துத்தான் கிளம்பும்.

அங்கே திராட்சை விளைவதே கடலின் தயவில்தான். வடக்கே நாச்சுரலிஸ்ட் முனை, தெற்கே லூவின் முனை. இடையில் நூறு கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான நிலத்துண்டு. மூன்று பக்கமும் கடல் இருப்பதால் வசந்தத்தில் துளிர்க்கும் கொடியை உறைபனி கருக்குவதில்லை, கோடையிலும் வெயில் வறுத்தெடுப்பதில்லை. 1965இல் ஜான் கிளாட்ஸ்டோன்ஸ் என்ற வேளாண் அறிவியலாளர் இதைத் தட்பவெப்பக் கணக்குகளோடு எழுதினார். லூபின் என்ற பயறு வகையில் பெயர் வாங்கியவர் அவர், ஒயின் வியாபாரி அல்லர். அதை நம்பி 1967இல் டாம் கல்லிட்டி என்ற இதய மருத்துவர் கொடி நட்டார். அதுதான் வாஸ் ஃபீலிக்ஸ் என்ற ஒயின் ஆலை. அவரைத் தொடர்ந்து வந்த முன்னோடிகளிலும் மருத்துவர்கள் உண்டு. குடிக்காதே என்று சொல்ல வேண்டியவர்களே தொடங்கி வைத்த தொழில் என்று என் கணவர் சிரிப்பார்.

என் அப்பா கம்பம் பள்ளத்தாக்கில் பன்னீர் திராட்சை போட்டவர். ஒயின் தோட்டம் என்றதும் காரை விட்டு இறங்கவே மாட்டேன் என்றார். இறங்கியவரைத் திரும்ப ஏற்றுவதற்குள் எங்களுக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. பந்தல் இல்லாமல், வேலி போட்டதுபோல் வரிசை வரிசையாகக் கம்பியில் கட்டியிருக்கிறார்களே, இரண்டு வரிசைக்கு நடுவே இவ்வளவு இடம் விட்டுப் புல் வளர்க்கிறார்களே என்று ஆரம்பித்தார். டிராக்டர் போவதற்கு என்று அங்கிருந்த பெண் சொன்னாள். "வருஷத்துக்கு எத்தனை வெள்ளாமை என்று கேளம்மா" என்றார். ஒன்றுதான், குளிர்காலத்தில் இலையெல்லாம் உதிர்ந்து கொடி உறங்கிவிடும். ஒன்றை வைத்துக்கொண்டு எப்படிப் பிழைக்கிறார்கள் என்பது அவர் கவலை. கம்பத்தில் கவாத்து செய்யும் நாளைத் தள்ளித் தள்ளி வைத்து, வருஷத்தில் எந்த மாதமும் எங்காவது ஒரு தோட்டத்தில் பழம் இருக்கும்படி பார்த்தவர் அல்லவா?

அது பிப்ரவரி. வரிசைகள்மேல் வெள்ளை வலை போர்த்தியிருந்தது. சில்வர்ஐ என்று ஒரு பறவை; கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம், உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். பழத்தைக் கொத்திக் கொத்திப் பாழாக்கிவிடும். ஆனால் அதற்குத் திராட்சையைவிட மாரி மரத்துப் பூந்தேன்தான் பிடித்தம். நம் தைல மரத்துக்கு உறவான, உயரமான காட்டு மரம் அது. திராட்சை பழுக்கும் நேரத்தில் அது நன்றாகப் பூத்துவிட்டால் பறவைகள் காட்டிலேயே தங்கிவிடும். பூக்காத வருஷம் தோட்டத்துக்குப் படையெடுக்கும். அதனால் அங்கே தோட்டக்காரர்கள் கொடியைப் பார்க்கிற அளவுக்குக் காட்டையும் அண்ணாந்து பார்க்கிறார்கள். அந்தப் பெண் பறித்துக் கொடுத்த, கபர்னே என்ற ஒயின் திராட்சைப் பழம் பட்டாணியைவிடக் கொஞ்சம் பெரிது. தோல் தடிப்பு, உள்ளே கொட்டை. இனிப்பு மட்டும் நம் பழத்தைத் தூக்கிச் சாப்பிடும். உள்ளே சுவை பார்க்கும் மேசையில், வாயில் வைத்ததைத் துப்புவதற்கென்றே வைத்திருந்த பாத்திரத்தைப் பார்த்துவிட்டு அப்பா கேட்டார்: "துப்புவதற்கா இவ்வளவு பாடு?"

பிள்ளைகளுக்கு இதில் பாதிதான் சுவாரசியம். மீதி நேரம் புல்வெளியில் ஓடினார்கள். பல ஆலைகளில் உணவகம் உண்டு. பிள்ளைகள் வந்திருப்பதை யாரும் வேறு மாதிரி பார்ப்பதில்லை. ஒரு நாளைக்கு ஓர் ஆலைக்கு மேல் போகாதீர்கள். இரண்டாவது ஆலையில் எந்தப் பிள்ளையும் பொறுமையாக இருக்காது.

கடலில்தான் நம்மவர்களிடம் எனக்குக் கோபம். எல்லாக் கடற்கரையும் ஒன்று என்று நினைத்து இறங்குகிறார்கள். வடக்கே ஜியாக்ரஃப் விரிகுடாவுக்குள் இருக்கும் மீலப், பஸ்ஸல்டன் பக்கம் பெரும்பாலும் குளம்போலக் கிடக்கும். சின்னக் குழந்தைகளை அங்கே இறக்கலாம். மேற்குக் கரை வேறு. ப்ரெவெலியில் உலக அலைச்சறுக்கு வீரர்கள் போட்டி போட வருகிறார்கள் என்றால் அலை எப்படி இருக்கும் என்று யோசிக்க வேண்டாமா? அங்கே நின்று வேடிக்கை பார்ப்பதுதான் அழகு. கடற்கரைக் காவலர்கள் நட்டிருக்கும் சிவப்பும் மஞ்சளுமான கொடிகளுக்கு நடுவில் மட்டும் குளியுங்கள்; கொடி இல்லையென்றால் முழங்காலுக்கு மேல் போகாதீர்கள். படம் எடுக்க ஈரப் பாறையில் ஏறுவதைச் சொன்னால் இன்னொரு பதிவு ஆகும்.

ஹாமலின் விரிகுடாவில் திருக்கை மீன்கள் கரையோரம் கணுக்கால் ஆழத்துக்கே வருகின்றன. படகுத்துறையில் மீன் கழுவும்போது விழும் துண்டுகளுக்குப் பழகிவிட்டவை. வாலில் முள் உண்டு, தொடாமல் பாருங்கள். பஸ்ஸல்டன் பாலத்தையும் வெறும் நடையோடு முடித்துவிடாதீர்கள். 1865இல் கட்டத் தொடங்கிய அந்த மரப்பாலம் 1,841 மீட்டர் நீளம். பாலத்தின் மேலேயே சின்ன ரயில் ஓடுகிறது. முனையில் இருக்கும் கடலடிக் காட்சிக்கூடத்தில் எட்டு மீட்டர் ஆழத்துக்கு இறங்கிப் போனால் கண்ணாடிக்கு அப்பால், தூண்களில் பவளம் வளர்ந்திருக்கும். இவ்வளவு தெற்கே பவளம் வளர, வடக்கிலிருந்து வெதுவெதுப்பான நீரைக் கொண்டுவரும் லூவின் நீரோட்டமே காரணம். டிக்கெட்டை முன்கூட்டியே எடுத்துவிடுங்கள்.

ஒரே நாளில் போய் வருவது மட்டும் வேண்டாம். பெர்த்திலிருந்து மூன்று மணி நேரம், அந்தி சாயும் நேரத்தில் சாலையில் கங்காருக்கள் குறுக்கே பாயும். நண்பர்களோடு மட்டும் போகும் அண்ணன்மாரே, அடுத்த முறை வீட்டாரையும் ஏற்றிக்கொள்ளுங்கள். திரும்பும்போது ஓட்டுவதற்குத் தெளிவான ஆள் கிடைக்கும். ஆனால் எந்தக் கடற்கரையில் எவ்வளவு நேரம் நிற்பது என்பதை ஓட்டுகிறவர்தான் முடிவு செய்வார்.